ஏழாவது கட்டைக்கு அடியில்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் துணி உலர்த்தப் போனால் வேலிக்கு அந்தப் பக்கம் அது நிற்கிறது. மஞ்சள் நிறம், ஒரு தெரு நீளம். முதுகில் மண் தள்ளுகிற இரண்டு பட்டைகள் கழுத்தை நீட்டிக்கொண்டு இருக்கின்றன. நேற்று சாயங்காலம் ஐந்து மணி வரை அந்த லைனில் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும்.

மருமகளின் மெஷின். தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஜல்லியைச் சங்கிலியால் தோண்டி, சலித்து, மண்ணை ஓரமாகத் துப்பிவிட்டு, நல்ல கல்லை மறுபடி உள்ளே போடும். அதோடு இவள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது அது என் துவைத்த துணிக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது.

இந்த நோட்டும் அந்த மெஷினுடைய பழைய ரிஜிஸ்டர்தான். தேதி, சங்கிலி, சல்லடை, தடை என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்குக் கட்டம் எதற்கு? குறுக்கே எழுதிக்கொண்டு போகிறேன்.

மார்ச் 5, புதன்

துணியெல்லாம் தூசு. மறுபடி துவைத்தேன்.

மார்ச் 6, வியாழன்

பேத்தி கேட்டாள், "பாட்டி, அம்மா மெஷின் எப்படி இருக்கு?" நல்லாத்தான் இருக்கு என்றேன். வேறு என்ன சொல்ல.

கல்யாணம் பேச வந்த அன்று மருமகள் என்ன சொன்னாள் என்பது எனக்கு மட்டும்தான் ஞாபகம். பத்து வருஷம் ஆகிறது. சனிக்கிழமை. நான் கரண்டியும் கையுமாக நின்றேன். நானும் லைனில் கேங் வேலை பார்த்தவள், ஜல்லி வாரியவள் என்று மகன் பெருமையாகச் சொன்னான். அவள் சிரித்துக்கொண்டே, "நீங்க வருஷம் பூரா வாரினதை எங்க மெஷின் ஒரு மணி நேரத்துல வாரிடும் அத்தை" என்றாள்.

அவள் மனசில் கெட்டது இல்லை என்கிறான் மகன். அவன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். எல்லாவற்றையும் ஏற்றி இறக்கித்தான் பேசுவான். மனசில் இல்லாதது எப்படி வாயில் வரும்?

மார்ச் 7, வெள்ளி

சாப்பிடும்போது மருமகள் சொன்னாள். அடுத்த வாரம் சனிக்கிழமை பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைக்கும் லைனை மூடித் தருகிறார்களாம். பாயிண்ட்டைச் சுத்தம் செய்யப்போகிறார்கள். ஒரு லைன் இரண்டாகப் பிரியும் இடம்தான் பாயிண்ட்; அங்கே நகர்ந்து வழி மாற்றிவிடுகிற கூரான தண்டவாளத்துக்கு நாக்கு என்று பேர். அங்கே அகலம் அதிகம், சங்கிலியை இன்னும் துண்டு சேர்த்து நீட்ட வேண்டும், வேலை சிக்கல். முதல் தடவையாகப் பொறுப்பு முழுக்க இவளிடம் கொடுத்திருக்கிறார்கள்.

"எந்த பாயிண்ட்?" என்று கேட்டேன்.

"சுவரோரம் இருக்கே அத்தை, வளைவுக்கு முன்னாடி."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். சாப்பாடு பாதியில்.

மார்ச் 8, சனி

எழுதலாமா வேண்டாமா? எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள்.

சுவரோர பாயிண்ட்டுக்கு அடியில் இரும்பு இருக்கிறது. இரண்டு பழைய தண்டவாளத் துண்டுகள், ஆள் உயரம், கூட்டல் குறி மாதிரி ஒன்றன் மேல் ஒன்று. முப்பத்து நாலு வருஷம் ஆயிற்று. அந்த வருஷம் மழை விடவே இல்லை. வண்டி போகும்போதெல்லாம் பாயிண்ட் கீழே போய்ப் போய் வந்தது. கல்லுக்கு நடுவே சேறு பொங்கும். நாங்கள் கல் போடுவோம், அது விழுங்கும். பன்னிரண்டு நாள் இப்படி. கடைசியில் எங்கள் கேங் மேஸ்திரி, "பழைய ரயில் துண்டு ரெண்டைக் கீழ போட்டு நிறுத்துவோம், வாயைத் திறக்காதீங்க" என்றார். அது சட்டப்படி தப்பு. ஆறு பேர் சேர்ந்து புதைத்தோம். அப்புறம் பாயிண்ட் அசையவில்லை.

எந்தக் காகிதத்திலும் அது இருக்காது. ஆறு பேரில் இப்போது இரண்டு பேர்தான் இருக்கிறோம். நானும் அந்த மேஸ்திரியும்.

மெஷின் சங்கிலி அந்த இரும்பில் மாட்டினால் என்ன ஆகும்? நிற்கும். எல்லார் முன்னாடியும் நிற்கும். ஒரு மணி நேரத்தில் வாருகிற மெஷின், நாங்கள் புதைத்ததில் மாட்டி நிற்கும்.

இதை நினைத்ததும் சிரிப்பு வந்தது. உண்மையைத்தானே எழுத வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று சிரிப்பு இல்லை.

மகன்தான் கேட்டான், சங்கிலி எதிலாவது மாட்டினால் என்ன ஆகும் என்று. சும்மா கேட்டான். மருமகள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டாள். இரண்டு வருஷம் முன்னால் வேறொரு இடத்தில் அடியில் கிடந்த இரும்பில் மாட்டி சங்கிலி அறுந்ததாம். ஒரு கண்ணி தெறித்து வெளியே வந்தது. ஓரமாக நடந்து வந்த ஆளுக்குக் கை மணிக்கட்டோடு போயிற்று.

"ஓரமா யாரு நடப்பாங்க?" என்றேன்.

"பொறுப்பா இருக்கற ஆள்தான் அத்தை. சனிக்கிழமை நான்."

பேத்தி அவள் அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சொல்லிவிட்டேன். மழை, சேறு, இரண்டு துண்டு, கூட்டல் குறி, எல்லாம். யார் செய்யச் சொன்னது என்பதை மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அந்த ஆளை நான் ஏன் காப்பாற்ற வேண்டும்? தெரியவில்லை. வாயைத் திறக்காதே என்று சொன்னது இன்னும் வாயிலேயே உட்கார்ந்திருக்கிறதோ என்னவோ.

மருமகள் பேனாவை எடுத்தாள். "சரியா எந்த இடம்?"

"பாயிண்ட்டோட நாக்கு முனையிலிருந்து ஏழாவது ஸ்லீப்பர் கட்டை. அதுக்கு நேர் அடியில."

"நிச்சயமாவா?"

என்னைப் பார்த்து நிச்சயமா என்று கேட்கிறாள்! கேங்கில் எனக்கு டேப்பு என்று பேர். யார் எப்போது என்ன சொன்னாலும் அப்படியே திரும்பப் போடுவேன் என்று வைத்த பேர். "ஏழு" என்றேன்.

மார்ச் 10, திங்கள்

ஏழாவது கட்டைக்கு அடியில் ஒன்றும் இல்லை.

நான்கு பேரை வைத்து மூன்று அடி ஆழம் தோண்டியிருக்கிறார்கள். ஆறாவது, எட்டாவது எல்லாம் பார்த்தார்களாம். கல், மண், ஒரு செருப்பு. அவ்வளவுதான். வண்டி வரும் நேரம் என்று அவசர அவசரமாக மூடினார்களாம். பெரிய இன்ஜினியர், கண்ணாடிக்காரர், "இனிமே வீட்டுப் பேச்சை லைனுக்குக் கொண்டு வராதீங்க" என்றாராம். இவள் ஆட்களில் நெட்டை என்று ஒருத்தன் இருக்கிறான். அவன், "மேடம், மாமியார் புதையல் வீட்டுலயே இருக்கான்னு பாருங்க" என்றானாம். எல்லோரும் சிரித்தார்களாம்.

இதெல்லாம் மகன் சொல்லித்தான் தெரியும். அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டுத் துணி மடித்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவாவது ஏதாவது இருந்திருக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

என் ஞாபகம் பொய் சொல்லுமா?

சோதித்துப் பார்த்தேன். அன்று எனக்கு இடது கால் கட்டைவிரலில் காயம், துணி சுற்றியிருந்தேன். ஜல்லி அள்ளும் சட்டியில் கைப்பிடி ஒரு பக்கம் இல்லை. கட்டையை எண்ணியது நான்தான், சத்தமாக, ஏழு வரை. எல்லாம் இருக்கிறது. அப்போ இரும்பு எங்கே? யாராவது எடுத்தார்களா? எடுத்தால் பாயிண்ட் மறுபடி இறங்கியிருக்குமே. இல்லை, நாங்கள் புதைக்கவே இல்லையா? மேஸ்திரி மேல் இருக்கும் கோபத்தில் நானே கற்பனை செய்துகொண்டேனா?

ஏனென்றால் கோபம் நிஜம். புதைத்து ஒன்பதாம் நாள் அந்த ஆள் என்னை வேலையை விட்டு நிறுத்தினார். நான் கடப்பாரையைத் தண்டவாளத்து ஓரத்திலேயே விட்டுவிட்டேனாம், வண்டி கவிழ்ந்திருக்குமாம். விடவில்லை. சுவரில் சாய்த்து வைத்தேன், கூர் கீழே. அன்றையிலிருந்து அந்த ஆளோடு பேச்சில்லை. அந்த லைனில் காலும் வைக்கவில்லை. கடைக்குப் போக லைனைத் தாண்டினால் ஐந்து நிமிஷம். நான் ரோடு சுற்றித்தான் போகிறேன், இருபது நிமிஷம். மூட்டுவலிக்கு அதுதான் காரணம் என்பான் மகன்.

அது கற்பனை என்றால் கடப்பாரையும் கற்பனையா? முப்பத்து நாலு வருஷம் பேசாமல் இருந்தது எதற்கு அப்போ?

இந்த யோசனையில் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

மார்ச் 12, புதன்

போனேன்.

லைனுக்கு அந்தப் பக்கம் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார் மேஸ்திரி. சைக்கிள் கடைக்கு மேல் மாடி, மகள் வீடு. வாசலில் நாற்காலி போட்டுப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். கை நடுங்குகிறது, பாதி பட்டாணி தரையில். வயது எண்பத்திரண்டு. என்னை விடப் பதினாலு மூப்பு, கணக்கு எனக்குத் தெரியும்.

"யாரும்மா?"

"கடப்பாரையை வச்சவ."

உரிப்பதை நிறுத்தினார். "உள்ள வா டேப்பு. இத்தனை வருஷம் வாசல்ல நின்னது போதும்" என்றார்.

உள்ளே போனேன், ஆனால் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டேன். இரும்பு உண்டா இல்லையா?

"உண்டு."

அப்பாடா என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏழாவது கட்டையில இல்லையே."

"எப்படி இருக்கும்? அது மரக்கட்டை காலம். நான் வேலைய விட்டுப் போறதுக்கு முந்தின வருஷம் சிமெண்ட் கட்டை போட்டு பாயிண்ட்டையே மாத்திட்டாங்க. புதுசு நீளம் ஜாஸ்தி. நாக்கு முனை பழைய இடத்துல இல்ல. மேலதான் மாத்துனாங்க, அடியில யாரும் கை வைக்கல. நீ அந்தப் பக்கமே போறதில்லையா?"

போனால்தானே தெரியும். அடுத்ததைக் கேட்டேன்.

"எவ்வளவு தள்ளிப் போச்சு?"

"அது எனக்கு ஞாபகமில்ல. நீ சொல்லு. அன்னைக்கு சட்டி தூக்கிட்டு நீ எங்க நின்ன?"

கண்ணை மூடினேன். கால் கட்டைவிரல் வலி. காலுக்கு அடியில் ஜில்லென்று தண்ணீர். சுவரில் ஓட்டை, அதிலிருந்து மழைத் தண்ணீர் கொட்டி என் காலை நனைத்துக்கொண்டே இருந்தது. அதனால்தானே அந்த இடம் சேறானது! "சுவர்ல தண்ணி வர்ற ஓட்டைக்கு நேரே" என்றேன்.

"சுவரை யாரும் நகர்த்தலையே" என்றார் மேஸ்திரி.

வந்த வேலை முடிந்தது. கிளம்பியிருக்க வேண்டும். வாசல் வரை போய்த் திரும்பினேன்.

"கடப்பாரையை சுவத்துல சாய்ச்சுதான் வச்சேன்."

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சுகிட்டே பொய் சொன்னியா?"

"உன் வீட்டுக்காரன் வந்து கேட்டான். 'அவளுக்கு மூணு மாசம், மறைச்சுகிட்டு சட்டி தூக்குறா, நான் சொன்னா நிக்கமாட்டா, நீ எப்படியாவது நிறுத்து'ன்னான். என்ன சொல்லி நிறுத்துறது? நீ வேலையில ஒரு தப்பு பண்ணியிருந்தா அதைச் சொல்லியிருப்பேன். ஒண்ணும் இல்ல. அதனாலதான் ஒண்ணை உண்டாக்க வேண்டியதாப் போச்சு."

பொய் என்றேன். என் வீட்டுக்காரருக்கு அது தெரியாது, யாருக்குமே நான் சொல்லவில்லை என்றேன்.

"காலையில டீயை யாருக்கும் தெரியாம குழாயடியில கொட்டுறாளாமே" என்றார்.

கொட்டினேன். வாசனை ஆகவில்லை. அவர் முகம் கழுவிக்கொண்டிருப்பார், அந்த நேரம் பார்த்துக் கொட்டுவேன்.

"சத்தியம் வாங்கிட்டான். அவன் காலமானதுக்கப்புறம் சொல்லிடலாம்னு உன் வீட்டுக்கு வந்தேன். மூஞ்சியில கதவைச் சாத்துன."

சாத்தினேன். ஒன்பது வருஷம் முன்னால், வியாழக்கிழமை. அவர் கையில் குடை இருந்தது.

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. லைனைத் தாண்டி வந்திருக்கிறேன். செருப்பில் ஜல்லித் தூசு இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

கடப்பாரை விஷயத்தில் நான் சொன்னது சரி. இரும்பு விஷயத்திலும் சரி. ஆனால் எண்ணிக்கை தப்பு, ஆளும் தப்பு. இப்போ நான் சொன்னது மொத்தத்தில் சரியா தப்பா? இந்தக் கோபத்தை யார்கிட்ட கொண்டுபோய் இறக்குறது? பட்டாணி உரிக்கிற கிழவன்கிட்டயா? போய்ச் சேர்ந்த மனுஷன்கிட்டயா? அந்த மூணு மாசம்தானே இன்னிக்கு லிஃப்ட் ரிப்பேர் பண்ணிட்டு வந்து என்கிட்ட மோர் கேக்குது — அவன்கிட்டயா?

ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நின்னிருக்கமாட்டேன்தான். அதுக்காக?

கூடத்தில் இருக்கும் என் வீட்டுக்காரர் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.

மருமகள் வந்ததும் சொன்னேன். கட்டை எண்ண வேண்டாம், சுவரில் தண்ணீர் வரும் ஓட்டைக்கு நேர் எதிரே பார் என்றேன். மகன், "அம்மா, மறுபடி ஆரம்பிக்காதே. அவளுக்கு அங்க ஏற்கெனவே தலைகுனிவு" என்றான்.

மருமகள் என்னையே பார்த்தாள். "திங்கக்கிழமை ஏழுன்னு சொன்னீங்க அத்தை."

"ஞாயித்துக்கிழமை சொன்னேன். திங்கக்கிழமை தோண்டுனீங்க."

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் சரி என்று சொல்லவில்லை. இனிமேல் தோண்ட முன்கூட்டி அனுமதி தரமாட்டார்களாம், கண்ணாடிக்காரரிடம் கேட்கவே முடியாதாம்.

மார்ச் 14, வெள்ளி

ஒன்றும் ஓடவில்லை. நாளைக்கு அவள் எந்தக் கையில் கையுறை போடுவாள் என்றெல்லாம் யோசனை வருகிறது.

மார்ச் 15, சனி

பத்து மணிக்கு முன்பே வேலியோரம் போய் நின்றேன். கையில் துணிக்கூடை, சாக்குக்கு.

மெஷினுக்கு முதலில் ஆள்தான் குழி தோண்ட வேண்டியிருக்கிறது. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே ஒரு குழி, அதில் சங்கிலியை நுழைத்துப் பூட்டினால்தான் அது வேலை செய்யும். இதை இத்தனை நாள் எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்புறம் கிளம்பியது பார் — சத்தம் என்றால் சத்தம், பல் கடிக்கிற மாதிரி. கல் மேலே ஏறுகிறது, சல்லடையில் ஆடுகிறது, மண் அந்தப் பக்கம் கொட்டுகிறது. பின்னால் கழுவிய அரிசி மாதிரி கல் விழுகிறது. அழகாகத்தான் இருக்கிறது. நாங்கள் ஆறு பேர் ஒரு வருஷத்தில்... சரி, போகட்டும்.

மருமகள் ஓரமாக நடந்து வந்தாள், ஒரு கையில் கொடி. மெஷின் பாயிண்ட்டுக்குள் நுழைந்தது. நான் சுவரைப் பார்த்தேன். ஓட்டை அங்கேயேதான் இருக்கிறது, பாசி பிடித்து. இன்னும் இருபது அடி. பதினைந்து. நிற்கவில்லையே. அவளிடம் கத்தலாமா? இந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும். நான் தப்பு என்றால் இரண்டாவது தலைகுனிவு. சரி என்றால் — அந்தக் கை. கூடையைக் கீழே போட்டுவிட்டு வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பத்து அடி இருக்கும்போது அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். கொடியைத் தூக்கினாள்.

மெஷின் நின்றது. கண்ணாடிக்காரர் அந்தக் கோடியிலிருந்து கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். இவள் அவரிடம் பேசவே இல்லை. நெட்டையைக் கூப்பிட்டு ஓட்டைக்கு நேரே காட்டினாள். அவன் என்னமோ சொல்லிச் சிரித்துக்கொண்டே கடப்பாரையை இறக்கினான். மூன்றாவது குத்தில் சத்தம் மாறியது. எனக்கு வேலி வரைக்கும் கேட்டது. இரும்பில் இரும்பு பட்டால் எப்படிக் கேட்கும் என்று எனக்கா தெரியாது.

நெட்டை சிரிப்பை நிறுத்தி முட்டி போட்டுக் கையால் கல்லை விலக்கினான்.

இரண்டு துண்டு. கூட்டல் குறி.

அறுத்து இழுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. லைனைத் திருப்பிக் கொடுத்தபோது பத்து நிமிஷம் தாமதம், அவ்வளவுதான். முடிந்ததும் மருமகள் என்னைத் தேடினாள். கண்டுபிடித்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். லைன் ஆட்கள் ஒருத்தருக்கொருத்தர் 'இங்கே சரி' என்று காட்டுகிற கை. என் கையும் தானாக மேலே போய்விட்டது. முப்பத்து நாலு வருஷம் கழித்தும் தோளுக்கு அது தெரிந்திருக்கிறது.

துணிக்கூடை முழுக்கத் தூசு.

மார்ச் 16, ஞாயிறு

கண்ணாடிக்காரர் வீட்டுக்கே வந்தார், கையில் படிவத்தோடு. நல்ல பிள்ளைதான், செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். மருமகள் ரிஜிஸ்டரில் 'தடை' கட்டத்தில் எழுதியதைக் காட்டினார்: பழைய தண்டவாளத் துண்டு இரண்டு. தகவல் தந்தவர், கேங் வேலையாள். மாமியார் என்று எழுதவில்லை. கேங் வேலையாள் என்றுதான் எழுதியிருக்கிறாள். அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன்.

"அம்மா, இன்னும் ஒரே ஒரு கேள்வி. யார் சொல்லிப் புதைச்சாங்க? மேல கேக்கறாங்க. பேர் வேணும்."

மகன் டீயை வாய்க்குக் கொண்டுபோனபடி என்னைப் பார்த்தான். மருமகளும் பார்த்தாள். என் வாயிலிருந்து தேதி, கிழமை, குடை நிறம் எல்லாம் வரப்போகிறது என்று காத்திருந்தார்கள்.

"ஞாபகம் இல்ல தம்பி" என்றேன்.

மகனுக்குப் புரையேறிவிட்டது.

மார்ச் 17, திங்கள்

பட்டாணி உரிக்கக் கை கொடுத்துவிட்டு வந்தேன். ரொம்பப் பேசவில்லை. லைனைத் தாண்டித்தான் போனேன், ஐந்து நிமிஷம்.

மருமகள் கூடத்தைப் பெருக்கும்போது கேட்டாள், "அத்தை, மாமா படம் ஏன் திரும்பி இருக்கு?"

"தூசு படும்னு."

இன்னும் இரண்டு நாள் அப்படியே சுவரைப் பார்க்கட்டும். இரண்டு நாள் போதும்.